கத்தியும் காத்திருத்தலும்

நம் முன்னோர் எதிர்கொள்ளாத வினாக்கள் சில இந்நாளில் நம் இல்லங்களின் வாயிலில் வந்து நிற்கின்றன. இன்னும் பிறவாத மகவின் நோயைப் பற்றிய வினா அவற்றுள் ஒன்று. முற்காலத்தில் குழந்தை பிறந்து வளர்ந்து, வயிற்று நோவால் அழுதாலோ, காய்ச்சலில் துவண்டாலோ, சிறுநீரில் குருதி கண்டாலோதான் அதன் சிறுநீரகத்தில் குறையுண்டு என்பது தெரியவரும். 1958ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டு என்னும் மருத்துவரும் அவருடன் உழைத்தோரும், ஒலியலைகளைக் கொண்டு கருப்பையின் உள்ளே காணும் முறையை உலகிற்கு அறிவித்தனர். அதன் பயனாக இன்று, மகவின் முகத்தைக் காணுமுன்னரே அதன் சிறுநீரகத்தைக் காண்கிறோம். "குழந்தையின் ஒரு பக்கத்துச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, அடைப்பு இருக்கலாம்" என்று ஸ்கேன் எடுத்த மருத்துவர் கூறுகிறார். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்குவதில்லை.

இத்தகைய செய்தி வந்த இல்லங்களில் மூன்று குரல்கள் எழுவதைக் கேட்கிறோம். "பிறந்தவுடன் அறுத்துச் சரிசெய்துவிட வேண்டும்; தாமதம் ஆபத்து" என்பது ஒன்று. "பச்சிளங் குழந்தையின் உடலில் கத்தி வைப்பது இம்சை, அறநெறியாளர் அதற்கு உடன்படலாகாது" என்பது மற்றொன்று. "எல்லாம் முன்வினைப் பயன், வருவது வந்தே தீரும்" என்பது மூன்றாவது. மூன்றும் அன்பினின்று எழுந்த குரல்களே. ஆயினும் மூன்றும் அந்தக் குழந்தையைப் பாராமலே முடிவு கூறிவிடுகின்றன. இவற்றை மருத்துவ அறிவின் துணைகொண்டும், நம் சமயத் தெளிவின் துணைகொண்டும் ஈண்டு ஆராய்வோம்.

ஸ்கேன் காட்டுவது யாது?

சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர், அதன் உட்புறத்தே புனல் போன்ற ஒரு பையில் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. பை குழாயோடு இணையும் இடம் குறுகியிருப்பின் சிறுநீர் தேங்கும், பை விரியும். கருவின் நடு மூன்று திங்களில் இப்பையின் அகலம் 4 மில்லிமீட்டரையும், இறுதி மூன்று திங்களில் 7 மில்லிமீட்டரையும் எட்டினால் அதனை விரிவு என மருத்துவர் கொள்கின்றனர். 100 கருக்களில் 1 முதல் 5 வரை இவ்விரிவு காணப்படுகிறது. அரிய நோயன்று என்பதை முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டும்.

இவ்விரிவுகளுள் பெரும்பாலானவை கருவிலேயோ, பிறந்து சில திங்கள், சில ஆண்டுகளிலேயோ தாமே தணிந்துவிடுகின்றன. கருவிலிருக்கும் மகவு தன் எடைக்கு மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது; பிறந்தபின் அவ்வெள்ளம் குறைகிறது. மடிந்தும் வளைந்தும் கிடந்த குழாய், வளர வளர நேராகிறது. மேலும், கருவிலுள்ள குழந்தையின் குருதியைத் தூய்மை செய்வது தாயின் நஞ்சுக்கொடியே. ஆதலின் கருவில் ஒரு சிறுநீரகம் விரிந்திருப்பதால் அக்குழந்தை அப்போது துன்புறுகிறது என்றெண்ணி மனம் நைய வேண்டுவதில்லை.

இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பிறந்த மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் முதல் ஸ்கேனும், நான்கு முதல் ஆறு வாரத்தில் மற்றொன்றும் எடுக்கச் சொல்கிறது. பிறந்த முதலிரு நாள்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாதலின், உள்ள வீக்கமும் மறைந்து தோன்றக்கூடும். அதனாலேயே இக்காலக் கணக்கு. சிறுநீரக விரிவு ஒன்றையே காரணமாக்கிக் கருவைக் கலைக்க அவ்வழிகாட்டுதல் இடந்தருவதில்லை என்பதையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

விரிவு வேறு, அடைப்பு வேறு

ஸ்கேன் காட்டுவது விரிவு. நாம் கேட்பதோ அடைப்பு. இரண்டும் ஒன்றல்ல. ஸ்டீபன் காஃப் என்னும் அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர், அடைப்பு என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். சிறுநீர் வெளியேறுவதில் உள்ள எந்தத் தடை, அப்படியே விடப்பட்டால் சிறுநீரகத்தை மேன்மேலும் கெடுக்குமோ அதுவே அடைப்பு என்பது அதன் கருத்து. இவ்விலக்கணத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய படத்தில் உள்ளதை அது கூறவில்லை. நாளை நிகழப்போவதைக் கொண்டே இன்றைய நோய்க்குப் பெயரிடுகிறது. அப்படியானால், ஒரே ஒரு நாள் எடுத்த படம் "இது அடைப்பு" என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. காலமும் இங்கே ஒரு சான்று ஆகிறது.

பொருளின் இயல்பு பல. ஒரு நோக்கில் கண்டது முழு உண்மை ஆகாது என்பது அநேகாந்தத்தின் அடிப்படை. ஸ்கேன் வடிவத்தைக் காட்டும் ஒரு நயம். ரீனோகிராம் எனப்படும் ஆய்வு, சிறிதளவு கதிரியக்க மருந்தை உடலிற் செலுத்தி, இரண்டு சிறுநீரகங்களும் வேலையை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் காட்டும் மற்றொரு நயம். குழந்தையின் எடை, காய்ச்சல், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியன வேறு நயங்கள். இவற்றுள் ஒன்றையே பற்றிக்கொண்டு முடிவுக்கு விரைவது, மருத்துவத்திலும் ஏகாந்தமே ஆகும்.

மூன்று நகரங்களின் அனுபவம்

கருவிலேயே விரிவைக் காணத் தொடங்கிய காலத்தில், பிறந்தவுடன் அறுவை செய்வதே பலரின் வழக்கமாயிருந்தது. 1949இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆண்டர்சன், ஹைன்ஸ் ஆகிய இருவர் விளக்கிய முறையே இன்றளவும் கைக்கொள்ளப்படுகிறது. குறுகிய பகுதியை நீக்கிவிட்டு, நலமுள்ள குழாயைப் பையோடு பொருத்தித் தைப்பது அம்முறை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி தருவது. அத்தகைய நல்ல சிகிச்சை கையிலிருக்க, ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பானதே.

இலண்டன் நகரின் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையினர், வேலைத்திறன் குன்றாத சிறுநீரகங்களை அறுக்காமல் கண்காணித்தனர். 1998இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு கண்காணிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்கே பின்னர் அறுவை தேவைப்பட்டது. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் காஃப் அவர்களும் கேம்ப்பெல் என்பாரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 104 குழந்தைகளுள் அறுவை தேவைப்பட்டோர் 7 பேர் மட்டுமே. ஆனால் ஜெருசலேம் நகர மருத்துவர்கள் 16 ஆண்டுகள் 343 குழந்தைகளைக் கண்காணித்து 2006இல் வெளியிட்ட கணக்கோ வேறு. அங்கே 179 பேருக்கு, அதாவது பாதிக்கு மேற்பட்டோர்க்கு, இறுதியில் அறுவை தேவைப்பட்டது. அவருள் பெரும்பாலோர்க்கு முதல் ஈராண்டிற்குள்ளேயே அது நேர்ந்தது.

எந்தக் குழந்தைகளைத் தேர்ந்து கண்காணித்தனர், எந்த நிலையில் அறுவைக்கு முடிவு செய்தனர் என்பதற்கேற்ப எண்கள் வேறுபடுகின்றன. எனினும் மூன்றும் சேர்ந்து ஒன்றைத் தெளிவாக்குகின்றன. எல்லாக் குழந்தைகளையும் அறுத்திருந்தால் பலர் வீணே அறுக்கப்பட்டிருப்பர். எவரையும் கவனியாது விட்டிருந்தால் பலர் ஒரு சிறுநீரகத்தின் திறனை இழந்திருப்பர்.

அறுவை இம்சை ஆகுமா?

இனி இரண்டாம் குரலுக்கு வருவோம். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம், இம்சை என்பதன் பொருளை நம் ஆசாரியர்கள் எவ்வளவு நுட்பமாக வரையறுத்தனர் என்பதை மறந்துவிடலாகாது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமாதம், அதாவது விழிப்பின்மையும் வேட்கை வெறுப்புகளும் கலந்த மனநிலை. உடலுக்கு நோவு உண்டாயிற்று என்பதனால் மட்டும் ஒரு செயல் இம்சை ஆகிவிடாது.

அச்சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூஜ்யபாதர், நம் வினாவிற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டொன்றைத் தருகிறார். பேரருள் கொண்ட மருத்துவன் ஒருவன், முனிவர் ஒருவரின் உடலில் எழுந்த கட்டியைக் கீறுகிறான். முனிவருக்கு நோவு உண்டாகிறது. ஆயினும் அப்புறக் காரணம் ஒன்றினாலேயே அம்மருத்துவனுக்குப் பாவக்கட்டு நேர்வதில்லை என்பது அவர் முடிபு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய இவ்விளக்கத்தின் முன், "கத்தி வைப்பதே பாவம்" என்ற பேச்சு நிற்கமாட்டாது. குழந்தையின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்க, கத்திக்கு அஞ்சி நாம் கைகட்டி நின்றால், அவ்வச்சத்திற்கு அகிம்சை என்று பெயரிடுதல் பொருந்தாது.

ஆனால் இதே இலக்கணம் மறுபுறமும் வெட்டும். அருளும் விழிப்பும் இருந்தால் கீறுதல் குற்றமன்று எனில், அவை இல்லாத கீறுதல் குற்றமே. தேவையா என்று ஆராயாமல், பெற்றோரின் அச்சத்தைத் தணிப்பதற்காகவோ, மருத்துவமனையின் வருவாய்க்காகவோ பச்சிளங் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி அறுப்பது, எத்துணைத் திறமையோடு செய்யப்பட்டாலும் பிரமாதத்தின் பாற்பட்டதே. தேவையற்ற குழந்தைக்குச் செய்த அறுவை நன்றாக முடிந்ததென்றால், அதனை வெற்றிக் கணக்கிற் சேர்ப்பது எங்ஙனம்?

காத்திருத்தல் நியதிவாதமா?

மூன்றாம் குரல் வினையின் பெயரால் பேசுகிறது. நிகழ்வன யாவும் முன்னரே முடிவானவை, முயற்சியால் பயனில்லை என்பது ஆசீவகரின் நியதிவாதம். அதனை மறுத்து வாதிடுவதற்கென்றே நீலகேசியில் ஒரு சருக்கம் அமைந்திருப்பதை நம்மவர் அறிவர். காலம், இயல்பு, நியதி, முன்வினை, முயற்சி என்னும் ஐந்தும் கூடியே காரியம் நிகழும் என்பது நம் கொள்கை. வினையை மட்டும் எடுத்துக்கொண்டு முயற்சியை விடுபவர், தாம் அறியாமலே ஆசீவகர் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர்.

இன்னுமொரு கொடுமை இக்குரலுக்குள் ஒளிந்திருக்கிறது. "எந்தப் பாவம் செய்தாளோ" என்று கருவுற்ற தாயைப் பழிக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அவரவர் வினை அவரவர்க்கே என்பது நம் சமயம். தாய் உண்டதனாலோ, பார்த்ததனாலோ இக்குறை வருவதில்லை. வினைக்கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்ள அருளப்பட்டது. பிறரைச் சுட்டிக்காட்ட அன்று.

அவ்வாறாயின் மருத்துவர் கூறும் காத்திருத்தல் யாது? நம் முனிவர்களின் ஈரியா சமிதியை நினைவுகூர்வோம். அவர்கள் நடப்பதை நிறுத்திவிடுவதில்லை. முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிரில்லை என்று தெளிந்து, அடிவைக்கின்றனர். பின்னர் அடுத்த நான்கு முழத்தைப் பார்க்கின்றனர். கண்காணித்துக் காத்திருத்தலும் இத்தகையதே. இன்று பார்த்தது அடுத்த சில வாரங்களுக்கு, அல்லது சில திங்களுக்குப் போதும். அது முடிந்ததும் மீண்டும் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்றே சிறுநீரைச் சோதிக்க வேண்டும். விரிவு மிகுதியாயுள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் சிற்றளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடர்ந்து தரச் சொல்வதும் உண்டு. ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தின் பங்கு 40 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தாலோ, அடுத்த ஆய்வில் 10 விழுக்காட்டிற்கு மேல் இறங்கினாலோ, வீக்கம் பெருகினாலோ, நோவும் தொற்றும் தொடர்ந்தாலோ அறுவைக்கு நேரம் வந்ததென்பது பல மருத்துவர் கைக்கொள்ளும் அளவு. ஆகவே காத்திருப்பவர் அறுவையைத் துறந்தவர் அல்லர். அதன் காலத்தை நோக்கி விழித்திருப்பவர்.

இழப்பின் கணக்கு

இவ்விடத்தில் ஒரு கடினமான தடையை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். "காத்திருக்கும் காலத்தில் சிறுநீரகத்தின் திறன் சிறிது குறைந்துவிட்டால், அதனை யார் திருப்பித் தருவர்?" என்று ஒரு தாய் கேட்கலாம். நேரிய கேள்வி. கொலம்பஸ் நகரத்து ஏழு குழந்தைகளும் அறுவைக்குப் பின் இழந்த திறனை மீளப் பெற்றனர். ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் அவ்வாறு முழுமையாக மீள்வதில்லை. காத்திருத்தலுக்கு விலை உண்டு. அறுவைக்கும் உண்டு: மயக்க மருந்து, தொற்று, தையலிற் கசிவு, மீண்டும் குறுகினால் இரண்டாம் அறுவை. விலையில்லாத வழி ஒன்று இருப்பதாக எவரும் பெற்றோர்க்குச் சொல்லலாகாது. அதுவே சத்திய விரதம்.

அவ்விலையைச் செலுத்தப்போவது பேசத் தெரியாத குழந்தை. அது தன் விருப்பைச் சொல்ல இயலாது. ஆதலின் அதன் பொருட்டு முடிவெடுக்கும் நாம், நம் மனத்தைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அறுவையை விரும்புவது குழந்தையின் நலம் கருதியா, அல்லது நம் கவலைக்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டியா? காத்திருக்க விரும்புவது ஆய்வு சொல்வதனாலா, அல்லது முடிவெடுக்க அஞ்சியா? நம் அச்சத்திற்கு மருந்தாகக் குழந்தையின் உடலைக் கொடுப்பதும் தவறு. நம் தயக்கத்திற்கு விலையாக அதன் சிறுநீரகத்தைக் கொடுப்பதும் தவறு.

காத்திருக்கலாகாத இடங்கள்

இதுவரை கூறியது ஒரு பக்கத்துச் சிறுநீரகம் மட்டும் விரிந்து, மற்றது நலமாயிருக்கும் குழந்தைகளைப் பற்றியது. இருபுறமும் கடுமையாக விரிந்திருந்தாலோ, இருப்பதே ஒரு சிறுநீரகமாயிருந்தாலோ நிலைமை வேறு. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையினின்று வெளியேறும் வழியிலேயே சவ்வு போன்ற தடை அமைந்துவிடுகிறது. அங்கே பிறந்த முதல் நாள்களிலேயே குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றி, பின்னர் அத்தடையை நீக்குவர். அங்குத் தாமதத்திற்குப் பொறுமை என்று பெயரிடுதல் கூடாது.

கருவிலேயே சிகிச்சை செய்ய முயன்றோரும் உளர். 1981இல் கலிபோர்னியாவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் சிறுநீர்வழி அடைபட்ட கருவிற்குக் கருப்பையைத் திறந்து அறுவை செய்தனர். கருவின் சிறுநீர்ப்பையில் குழாய் பொருத்தும் முறையைச் சோதித்த பிரித்தானிய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. அதிற் சேர்ந்த தாய்மார் 31 பேரே. குழாய் பொருத்தப்பட்டோருள் பிழைத்தவர் மிகுதியாகத் தோன்றினாலும், ஈராண்டு கடந்து நலமான சிறுநீரகத்தோடு வாழ்ந்த குழந்தைகள் இரண்டே. கைக்கு எட்டியது எல்லாம் நலம் பயப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் சமூகத்தின் கடமை

திருக்குறள் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்காகப் பகுத்துக் காட்டுகிறது. கண்காணிப்பில் இந்நான்காமவரே முதன்மை பெறுகிறார். நாள் தவறாமல் குழந்தையை எடுத்துச் செல்வது, பழைய படங்களையும் அறிக்கைகளையும் ஒரே உறையில் பேணுவது, காய்ச்சல் கண்ட நாளைக் குறித்து வைப்பது ஆகிய யாவும் அவர் கையில் உள்ளன. பேணுவோர் தவறினால், கண்காணித்துக் காத்திருத்தல் என்பது வெறும் கைவிடுதலாக மாறிவிடும். குழந்தை மீண்டும் வருமா என்ற ஐயம் இருக்குமிடத்தில், மருத்துவர் முன்னதாகவே அறுவையை நாடுவதும் உண்டு. அவரைக் குறைகூற இயலாது.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழும் நம் எளிய குடும்பங்களை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அறுவைக்கு உற்றாரும் ஊராரும் கூடிப் பொருள் திரட்டிவிடுவர். மூன்று திங்களுக்கொருமுறை நகரத்திற்குச் சென்றுவரும் பேருந்துக் கட்டணத்திற்கும், அன்று இழக்கும் கூலிக்கும், ஆய்வுக் கட்டணத்திற்கும் எவரும் திரட்டுவதில்லை. முதலாண்டில் ஆர்வத்தோடு சென்றவர், குழந்தை நன்றாக ஓடி விளையாடுவதைக் கண்டு இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகின்றனர். குழந்தை பெண்ணாயிருப்பின் இத்தளர்ச்சி இன்னும் விரைவில் வந்துவிடக்கூடும். சிறுநீரகமோ நோவு காட்டாமலே தேயவல்லது.

உணவு, அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு விதித்தனர். ஔடத தானம் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பது என்று குறுக்கிக்கொள்ள வேண்டுவதில்லை. ஒரு குழந்தையின் கண்காணிப்பு ஈராண்டோ மூவாண்டோ இடையறாமல் நடக்கத் துணை நிற்பதும் ஔடத தானமே. ஒவ்வோர் ஊர் ஜினாலயத்தைச் சார்ந்தோரும் தம் ஊரில் இத்தகைய குழந்தை உண்டா என்று வினவி அறிந்து, அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்று குறித்து வைத்து, அந்நாளில் ஒருவர் உடன் செல்வாராயின், அக்குழந்தைக்குக் கத்தி வேண்டுமா வேண்டாவா என்பதை உரிய காலத்தில் உண்மையே சொல்லும். அதுவரை அத்தாயின் அருகில் நாம் விழித்திருப்போம்.